நாலாவது மாடித் தாழ்ப்பாள்

எங்கள் நீதிமன்றக் கட்டிடத்துக்கு ஐந்து மாடி. லிஃப்ட் ஒன்றே ஒன்றுதான். அதுவும் பட்டனை அமுக்கினால் தானாக ஓடுகிற ரகம் இல்லை. இரும்புக் கிராதிக் கதவை இழுத்துச் சாத்தி, ஒரு சாவியைத் திருகி, பித்தளைக் கைப்பிடியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். பிடியை விட்டால் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுகொண்டு, நாம் என்ன செய்யப் போகிறோம் என்று வேடிக்கை பார்க்கும். அந்தக் கைப்பிடியைப் பதினாலு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருப்பவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அவருடைய பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் அப்பீலக்கா. எண்ணைச் சொன்னால் இங்கே வருகிற ஜனங்களுக்கு மாடி புரிவதில்லை, வழக்கைச் சொன்னால் புரிகிறது என்று வேலையில் சேர்ந்த முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார்.

“ஒண்ணு... அடிதடி, திருட்டு, குடிச்சிட்டு வண்டி ஓட்டுனவங்க எல்லாம் இறங்குங்க! ரெண்டு... விபத்து, நஷ்டஈடு! மூணு... விவாகரத்து, ஜீவனாம்சம், பிள்ளை யாருக்கு! நாலு... நிலம், வாடகை, நகல்!”

ஐந்தாவது மாடி நெருங்கும்போது மட்டும் குரல் தானாக உயரும். “அப்பீல்! அப்பீல்! அப்பீல்!” பஸ் கிளம்பும் நேரத்தில் ஆள் சேர்ப்பவர்கள் இவரிடம் பாடம் கேட்க வேண்டும்.

முதல் மாடியில் இறங்க வெட்கப்பட்டு, நிலத் தகராறு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறவர்களை ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். “அண்ணே, உங்களுக்கு ஒண்ணுதானே? கையில கட்டுப் போட்டிருக்கீங்களே” என்பார். விவாகரத்து கேட்டு வந்த கணவனும் மனைவியும் லிஃப்டின் இரண்டு மூலையில் முதுகைக் காட்டி நின்றால், வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுவார். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் பேச்சு ஆரம்பித்து, இறங்காமலே திரும்பிப் போன ஜோடிகள் இதுவரை ஒன்பது என்று சொல்வார். மூன்றாவது மாடியில் இருக்கிற ஆலோசகர்கள் இத்தனை வருஷத்தில் அவ்வளவு பேரைச் சேர்த்து வைத்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

முதல் பதிமூன்று வருஷம் நாங்கள் அவரை அப்பீலண்ணே என்றுதான் கூப்பிட்டோம். காக்கிச் சட்டை, காக்கிக் கால்சட்டை. அப்போதும் அவர் அக்காதான். எங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவே. பிறகு ஒரு சட்டம் வந்தது. ஒருவர் ஆணா பெண்ணா என்பதை அவரே எழுதிக் கொடுத்தால் போதும், அலுவலகப் பதிவுகளில் அப்படியே மாற்ற வேண்டும், வேறு யாருடைய சான்றும் கேட்கக் கூடாது என்று. அந்தச் சட்டத்தை எல்லாப் பிரிவுக்கும் நாற்பது நகல் அடித்து அனுப்பியது நான்தான். நான் நகல் பிரிவில் டைப்பிஸ்ட். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். நாற்பது நகல் அடித்தும் ஒரு வரிகூட என் தலையில் ஏறவில்லை. லிஃப்டில் நின்றபடி அந்த நகலில் ஒன்றைப் படித்த ஒரே ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன்.

படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். இரண்டு வாரம் லீவு போட்டார். திரும்பி வந்தபோது பெண் ஊழியர்களுக்கான நீலச் சீருடை, பின்னிய கூந்தல், காதில் சின்னதாக ஒரு கம்மல். அன்று காலை லிஃப்டில் பதினைந்து பேர். எல்லோரும் கூரையில் இருந்த ஒற்றை மின்விசிறியை ஏதோ அதிசயம் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட் ஏறியது. “ஒண்ணு... அடிதடி, திருட்டு!” என்று அதே குரல் வந்தது. எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. அடிதடிக்காரர்கள் இறங்கினார்கள். சாயங்காலத்துக்குள் யாரோ ஒருவர் அவசரத்தில் “அப்பீலக்கா, நாலு!” என்று கத்த, அதுவே நிலைத்துவிட்டது. ஜனங்களுக்கு அவரவர் மாடி வந்தால் போதும்.

வீட்டில் அவரும் அவருடைய அம்மாவும்தான். அம்மாவிடம் சொன்ன கதையை ஒருநாள் சாப்பாட்டு வேளையில் என்னிடம் சொன்னார்.

“பயந்துக்கிட்டே சொன்னேன். அம்மா, நான் பொண்ணும்மான்னு. அம்மா கையில இருந்த தட்டைக் கீழ வச்சாங்க. அப்புறம், அப்ப நாளையில இருந்து பாத்திரமெல்லாம் நீதான் தேய்க்கணும்னாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“இருபது வருஷமா நான்தானேம்மா தேய்க்கிறேன்னேன். அட ஆமால்லன்னு போயிட்டாங்க. அவ்வளவுதான் பேச்சு.”

அம்மா ஒரு நிமிஷத்தில் முடித்த விஷயத்தை முடிக்க எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வழக்கு தேவைப்பட்டது.

இந்தக் கட்டிடத்தில் பெண் ஊழியர்களுக்குக் கழிவறை நாலாவது மாடியில் மட்டும். எங்கள் நகல் பிரிவுக்கு எதிரே. பிரிவில் நாங்கள் பதினேழு பெண்கள். அந்தக் கழிவறைக் கதவில் ஆறு வருஷமாகத் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டை மட்டும் இருந்தது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும், அல்லது உள்ளே இருப்பவள் ஒரு காலை நீட்டிக் கதவை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். குள்ளமானவர்கள் பாடு திண்டாட்டம். தாழ்ப்பாள் கேட்டு ஏழு மனு கொடுத்தோம். ஏழையும் நானே அடித்தேன். ஏழுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரே பதில் வந்தது.

நீலச் சீருடையில் வந்த முதல் நாள் அப்பீலக்கா அந்த ஓட்டைகளைப் பார்த்தார். மறுநாள் லிஃப்டின் உதிரிச் சாமான் டப்பாவிலிருந்து ஒரு தாழ்ப்பாளும் திருப்புளியும் கொண்டுவந்தார். பத்து நிமிஷ வேலை. அன்று மதியம் பதினேழு பேரும் தேவை இருக்கிறதோ இல்லையோ, வரிசையாகப் போய்த் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்துவிட்டு வந்தோம். சூப்பிரண்ட் அம்மா இரண்டு தடவை போனார்.

சூப்பிரண்ட் அம்மா என்றால் எங்கள் பிரிவின் மேற்பார்வையாளர். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நான் டைபாய்டில் படுத்துக் கிடந்தபோது ஒரு மாதம் என் வேலையையும் சேர்த்துச் செய்தவர். ஆனால் முப்பத்து மூன்று வருஷமாகக் கோப்புகளோடு வாழ்ந்தவர். புதிதாக எதைப் பார்த்தாலும், இதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்றுதான் அவருக்குத் தோன்றும். மூன்று வாரம் பொறுத்தார். பிறகு ஒரு காலை என்னைக் கூப்பிட்டார்.

“எனக்கு அந்தப் பிள்ளை மேல ஒரு கோவமும் இல்ல. நாளைக்கு யாராவது ஏதாவது சொன்னா நம்ம பிரிவுக்குத்தானே கெட்ட பேரு? நாமளே முதல்ல ஒரு மனு போட்டு வச்சிடுவோம். உக்காரு, சொல்றேன், அடி.”

அதுவரை யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அதை நான் அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். காது கேட்டது, விரல் அடித்தது. நடுவில் இருந்த நான் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அடித்து முடித்த தாள் ஹாஜர் புத்தகத்தோடு மேஜை மேஜையாகப் போனது. பதினேழு பேரும் கையெழுத்துப் போட்டோம். என்னுடையது மூன்றாவது.

மனு மேனேஜரிடம் போனது. கட்டிடத்தின் நிர்வாகம் முழுவதும் அவர் கையில். தாழ்ப்பாளுக்கு ஏழு மனுக் கொடுத்தும் அசையாதவர் இதற்கு இரண்டே நாளில் உத்தரவு போட்டார். லிஃப்ட் ஊழியர் நாலாவது மாடிக் கழிவறையைப் பயன்படுத்தக் கூடாது. கட்டிடத்துக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்தம் தாண்டி, பழைய கோப்புக் கொட்டகையை ஒட்டி இருக்கும் கழிவறையைச் சுத்தம் செய்து அவருக்கென்று ஒதுக்கி இருக்கிறது. ஆண்கள், பெண்கள் என்று எந்தப் பலகையும் அதற்குப் பொருந்தாதே என்று குழம்பிய பராமரிப்பு ஊழியர், கொட்டகை அலமாரியில் கிடந்த ஒரு பலகையை எடுத்து ஆணி அடித்துவிட்டார். எங்கள் கோப்புகள் மூன்று வகை: உரிமையியல், குற்றவியல், மற்றவை. கதவில் ‘மற்றவை’ என்று தொங்கியது.

இத்தோடு முடிந்ததா? அந்தக் கழிவறைச் சாவி கோப்புக் காப்பாளரிடம். அவர் எப்போதும் டீக்கடையில். லிஃப்ட் விதியோ, ஊழியர் கட்டிடத்தை விட்டு வெளியே போனால் லிஃப்டைத் தரைத்தளத்தில் நிறுத்திப் பூட்டி, சாவியை வாசல் காவலரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்கிறது. ஆக, அப்பீலக்கா ஒரு தடவை போய் வர இருபத்தைந்து நிமிஷம். அந்த இருபத்தைந்து நிமிஷமும் நீதி படிக்கட்டில் மூச்சு வாங்கியது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் வழக்கு, கூப்பிட்டபோது ஆள் இல்லை என்று தள்ளுபடியானது. அவர் உட்கார்ந்திருந்த படியிலிருந்து கூப்பிட்ட குரல் நன்றாகவே கேட்டதாம். எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

புகார் குவிந்தது. பணி நேரத்தில் லிஃப்டை நிறுத்தியதற்காக மேனேஜர் அப்பீலக்காவுக்கு ஒரு மெமோ கொடுத்தார். அடுத்த வாரம் இரண்டாவது. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

ஒருநாள் நாலு மணிக்குக் கீழே போக லிஃப்டில் ஏறினேன். நானும் அவரும் மட்டும். அவருடைய முக்காலிக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் கழுத்துவரை நிறைந்து இருந்தது.

“என்னக்கா, காலையில கொண்டுவந்த தண்ணி அப்படியே இருக்கு?”

“குடிச்சா இறங்கணும். இறங்குனா மெமோ.”

“அதுக்காகக் குடிக்காமயே இருப்பீங்களா?”

“சிறுநீரகத்துல கல்லாம். டாக்டர் தினம் மூணு லிட்டர் குடிக்கச் சொல்றார். அம்மா நிரப்பித் தர்றாங்க. நான் போகும்போது வாசல் கேட் பக்கத்துல இருக்கிற செடிக்கு ஊத்திட்டுப் போறேன். காலி பாட்டிலைப் பாத்தா அம்மாவுக்கு நிம்மதி. செடி எப்படி வளந்திருக்கு பாத்தியா?”

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாவது மாடி தாண்டியதும் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“நீயும் கையெழுத்துப் போட்டிருக்கியாமே?”

“எல்லாரும் போட்டாங்கக்கா...”

“அதான் கேட்டேன். நீயுமான்னு.”

தரைத்தளம் வந்தது. கதவைத் திறந்துவிட்டார். அன்று வீடு வரை நான் எப்படி நடந்து போனேன் என்று கேட்டால் தெரியாது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் மறுநாள் போய்க் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேனா என்றால் அதுவும் இல்லை. சூப்பிரண்ட் அம்மாவின் மேஜை வரை போய், காகிதம் எடுக்க வந்த மாதிரி திரும்பிவிட்டேன்.

அப்பீலக்கா வழக்குப் போட்டார். வாதாட வந்தவர் ஒரு மறதி வக்கீல். தன் குடையை லிஃப்டில் விட்டுவிட்டுப் போவதே வழக்கமாக வைத்திருந்தவர். பதினொரு தடவை அந்தக் குடையை ஐந்தாவது மாடி வரை ஓடிப் போய்த் திருப்பிக் கொடுத்திருக்கிறார் அப்பீலக்கா. அந்த நன்றிக்கு வழக்கை எடுத்துக்கொண்டார். எல்லோரும் அவரைக் குடை வக்கீல் என்போம். வாதாடும்போது கேஸ் கட்டை எங்கே வைத்தேன் என்று தேடுவார் என்பதால் எங்களுக்கு அவர்மேல் பெரிய நம்பிக்கை இல்லை.

வழக்கு ஐந்தாவது மாடிக்குத்தான் வந்தது. அங்கே இருந்த நீதிபதி நல்ல பருமன். இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். முதல் நாளே சபையில் சொல்லிவிட்டார்.

“இந்த வழக்குல ஒரு தரப்பு தினமும் என்னை மேல கொண்டுவந்து விட்டுக் கீழ கொண்டுபோய் இறக்குறவங்க. தீர்ப்பு சொல்ற வரைக்கும் நான் அவங்களோட லிஃப்டில் வர்றது முறையில்ல. நான் படியில வர்றேன்.”

இரு தரப்பு வக்கீல்களும், தங்களுக்கு ஆட்சேபம் இல்லை, தாராளமாக லிஃப்டிலேயே வரலாம் என்றார்கள். அவர் கேட்கவில்லை. நூற்றுப் பதினெட்டுப் படி. மறுநாளிலிருந்து பத்தரை மணிக்கு ஆரம்பிக்கும் கோர்ட் பதினொன்றேகாலுக்கு ஆரம்பித்தது. மாடிக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, எழுந்து, முனகி, மேலே வந்து சேர்ந்து நாற்காலியில் விழும்போது அவருடைய முகம் யாரையும் மன்னிக்கிற முகமாக இருக்காது.

எங்கள் கோர்ட்டில் ஒரு வழக்கு ஏழெட்டு வருஷம் இழுப்பது சர்வ சாதாரணம். வாய்தாவுக்கு மேல் வாய்தா. அரசு வக்கீலும் அந்த நம்பிக்கையில்தான் இரண்டாம் நாள் எழுந்தார்.

“ஐயா, எங்களுக்கு நாலு வாரம் அவகாசம் வேணும்.”

நீதிபதி முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார். “நீங்க இப்ப எப்படி மேல வந்தீங்க?”

“லிஃப்டுலங்க ஐயா.”

“நான் படியில வந்தேன். நாளைக்குக் காலையில வாதத்தைத் தொடங்குங்க.”

அப்புறம் வாய்தா என்ற சொல்லையே யாரும் எடுக்கவில்லை. இந்தக் கட்டிடத்தின் சரித்திரத்தில் பத்தொன்பதே நாளில் முடிந்த வழக்கு இது ஒன்றுதான்.

நிர்வாகத்தின் ஒரே ஆயுதம் எங்கள் மனு. பதினேழு பெண்களின் ஆட்சேபம் என்று அரசு வக்கீல் அதைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். பதினேழில் ஒருவரைச் சாட்சியாகக் கூப்பிட வேண்டும் என்று வந்தது. சூப்பிரண்ட் அம்மா என்னை அனுப்பினார். “நீதான் அடிச்சவ. கேட்ட கேள்விக்கு ஆமான்னு மட்டும் சொல்லு. மேல ஒரு வார்த்தை பேசாத” என்று சொல்லி அனுப்பினார்.

கூண்டில் ஏறினேன். சூப்பிரண்ட் அம்மா இரண்டாவது வரிசையில், கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பீலக்கா சபையில் இல்லை. லிஃப்டை விட்டுவிட்டுத் தன் வழக்கைக் கேட்க வந்தால் மூன்றாவது மெமோ ஆயிற்றே. வெளியே கிராதிக் கதவு இழுபடும் சத்தமும், “அப்பீல்! அப்பீல்!” என்ற குரலும் மட்டும் அவ்வப்போது வந்து போயின.

“இதுல இருக்கிறது உங்க கையெழுத்துதானே?” என்றார் அரசு வக்கீல்.

“ஆமாங்க. மூணாவது.”

“உங்க பிரிவுல இருந்து வந்த மனுதானே?”

“ஆமாங்க.”

அவர் திருப்தியாக உட்கார்ந்துவிட்டார். குடை வக்கீல் எழுந்தார். மேஜையில் எதையோ தேடினார். தேடியது கையிலேயே இருந்தது. அந்த மனுவை என்னிடம் கொடுத்தார்.

“கையெழுத்துக்கெல்லாம் மேல கடைசியா ஒரு வரி இருக்கு பாருங்க. அதைச் சத்தமாப் படிங்கம்மா.”

பார்த்தேன். நகல் அடித்து முடித்ததும் கடைசியில் ஒரு வரி போடுவோம். ஒரு நாளைக்கு நாற்பது தடவை, இருபத்திரண்டு வருஷம். சூப்பிரண்ட் அம்மா சொல்லி முடித்ததும் என் விரல் அதையும் தானாகவே அடித்து வைத்திருக்கிறது.

“படிங்கம்மா.”

“‘மேலே கண்டவை அசலுடன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. பிழை ஏதுமில்லை.’”

சபையில் யாரோ பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். நீதிபதி தாளை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

“அப்படின்னா பதினேழு பேரும் இது சரியான நகல்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அசல் எங்கம்மா?”

“அசல் இல்லீங்க ஐயா.”

“அப்புறம் எதோட ஒப்பிட்டுப் பாத்தீங்க?”

“எதோடயும் இல்லீங்க ஐயா. நாங்க எப்பவுமே ஒப்பிட்டுப் பாக்கறதில்லீங்க.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. சிரிப்பு பொசுக்கென்று நின்றது. சபையில் இருந்த அத்தனை வக்கீலும் தங்கள் கட்டைப் பிரித்து, எங்கள் பிரிவு கொடுத்த நகல்களைப் பதறிப்போய்ப் புரட்ட ஆரம்பித்தார்கள். சூப்பிரண்ட் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

நீதிபதி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “தாளை விடுங்க. உங்க மனசுல என்ன இருக்கு, அதைச் சொல்லுங்க. அவங்க அந்தக் கழிவறைக்கு வர்றதுல உங்களுக்கு ஆட்சேபம் இருக்கா?”

ஆமாம் என்று மட்டும் சொல்லச் சொன்னார்கள். வெளியே லிஃப்ட் கதவு இழுபட்டது. நீயுமா என்று அவர் கேட்டது காதில் கேட்டது. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது எனக்கு, எல்லாம் என் மேலேயே.

“இல்லீங்க ஐயா. ஆறு வருஷமா அந்த ரூம்ல நாங்க கதவை ஒரு காலால மிதிச்சுப் பிடிச்சிக்கிட்டு உக்காந்தோம். தாழ்ப்பாள் இல்ல. ஏழு மனுப் போட்டோம், யாரும் திரும்பிப் பாக்கல. இவங்க வந்த மறுநாளே தாழ்ப்பாள் போட்டுக் குடுத்தாங்க. அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டு நாங்க நிம்மதியா இருக்கோம். அதைப் போட்டவங்க தண்ணி குடிக்காம இருக்காங்க. அவங்க தண்ணியை எல்லாம் கேட்டுக்கிட்ட இருக்கிற செடிதான் குடிக்குதுங்க.”

“செடியா?” என்றார் நீதிபதி.

“ஆமாங்க ஐயா. நல்லா வளந்திருக்குங்க. நீங்க வேணா போகும்போது பாருங்க.”

சாயங்காலம் அவர் கேட் அருகே காரை நிறுத்தி, இறங்கி, அந்தச் செடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றதைக் காவலர் பார்த்திருக்கிறார்.

சூப்பிரண்ட் அம்மா அதன்பின் என்னோடு பேசவில்லை. எழுதுகிற காகிதம் வேண்டுமானால்கூட நடுவில் ஒரு ஆளை வைத்துத்தான் கேட்டார். நகல் பிரிவு மீது விசாரணை வேறு வந்தது. மற்ற பதினாறு பேரும் என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும். எப்படியோ பிழைத்துக் கிடந்தேன்.

பத்தொன்பதாம் நாள் தீர்ப்பு. நூற்றுப் பதினெட்டாவது படியில் நீதிபதி ஒருமுறை கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டு வந்தார். தீர்ப்பு இரண்டே பக்கம். மனுவில் இருக்கும் கையெழுத்துகள் எதற்கும் உதவாதவை. செல்லுபடியாகும் என்றே வைத்துக்கொண்டாலும் விடை மாறாது. ஒருவர் தன்னைப் பெண் என்று எழுதிக் கொடுத்தபின் அதை மற்றவர்களிடம் கையெழுத்து வாங்கிக் கேட்கும்படி சட்டம் சொல்லவில்லை. உத்தரவு ரத்து. மெமோ இரண்டும் ரத்து. அந்தப் பலகையை இன்றைக்கே கழற்றி அலமாரியில் திரும்ப வைக்க வேண்டும்.

நான் படிக்கட்டில் ஓடினேன். என் வயசுக்கும் உடம்புக்கும் அது ஓட்டமா என்று தெரியாது, உருண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரைத்தளத்தில் லிஃப்ட் நிறைய ஆள். கதவைச் சாத்தப் போன நேரத்தில் உள்ளே நுழைந்தேன்.

“அக்கா... ஜெயிச்சாச்சுக்கா. எல்லாம் ரத்து.”

அவர் கதவைச் சாத்திக் கைப்பிடியைப் பிடித்தார். முக்காலிக்குப் பக்கத்தில் இருந்த பாட்டிலை இடக்கையால் எடுத்து, பல்லால் மூடியைத் திருகித் திறந்தார். வலக்கை கைப்பிடியில். லிஃப்ட் ஏற ஆரம்பித்தது. அவர் குடிக்க ஆரம்பித்தார். முதல் மாடியில் நிறுத்தி, “ஒண்ணு, அடிதடி” என்றார். குடித்தார். “ரெண்டு, விபத்து.” குடித்தார். “மூணு, விவாகரத்து.” பாட்டில் காலி. அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, ஒரு சொட்டுகூட இல்லை என்று உறுதி செய்துகொண்டு கீழே வைத்தார்.

“நாலு... நிலம், வாடகை, நகல்!” கதவைத் திறந்தார். கொஞ்சம் நின்று, “நானும் இறங்குறேன்” என்றார்.

சாவியைக் கழற்றி என் கையில் வைத்தார். “நீ பாத்துக்க. எதையும் தொடாத.” போய்விட்டார்.

லிஃப்டில் மிச்சம் எட்டு பேர், எல்லோரும் ஐந்தாவது மாடி. அதில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். “என்னம்மா இது, நடுவுல விட்டுட்டுப் போறாங்க?”

“அப்பீலுக்குத்தானே வந்திருக்கீங்க? எத்தனை வருஷமா நடக்குது உங்க கேஸ்?”

“பன்னெண்டு.”

“அப்ப கொஞ்சம் நில்லுங்க” என்று சொல்லி, நானும் என் கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்து வைத்துக்கொண்டேன்.

லிஃப்ட் வாசலிலிருந்து பார்த்தால் கழிவறைக் கதவு தெரியும். அது திறந்தது. சூப்பிரண்ட் அம்மா ஈரக் கையோடு வெளியே வந்தார். எதிரே அப்பீலக்கா. இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். எனக்கு உள்ளங்கையில் சாவி குத்தியது. சூப்பிரண்ட் அம்மா அவருடைய நீலச் சீருடையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்தார். பிறகு சொன்னார்.

“முதல் குழாய்ல தண்ணி வரல. ரெண்டாவதைத் திற.”

சொல்லிவிட்டு வழிவிட்டு நகர்ந்து பிரிவுக்குள் போனார். அப்பீலக்கா உள்ளே போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் லிஃப்ட் வரைக்கும் கேட்டது. நல்ல அழுத்தமான தாழ்ப்பாள். நான் கிராதிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் பின்னால் நின்ற எட்டு அப்பீல்காரர்களும் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்கள்.

மறுநாள் எனக்கு ஒரு மெமோ வந்தது. ‘அனுமதியின்றி லிஃப்ட் சாவியை நான்கு நிமிடம் வைத்திருந்ததற்கு’ விளக்கம் கேட்டு, மேனேஜர் கையெழுத்தோடு. அவரும் மனுஷன்தானே, எதையாவது எழுதினால்தான் தூக்கம் வரும்.

பதிலை நானே அடித்தேன். முடித்ததும் விரல் வழக்கம்போல் கடைசி வரிக்குப் போனது. பிடித்து நிறுத்தினேன். மெமோவை எடுத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். அன்று நான் கைக்கடிகாரம் பார்த்துக் குறித்து வைத்திருந்த நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நிஜமாகவே ஒப்பிட்டேன். பிறகு எழுதினேன்: ‘மேலே கண்டவை ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. ஒரு பிழை உள்ளது. நான்கு நிமிடம் அல்ல, ஆறு.’

பதில்கள் சூப்பிரண்ட் வழியாகத்தான் மேலே போக வேண்டும். கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு முதலிலிருந்து கடைசி வரை படித்தார். தலையை நிமிர்த்தாமல், “ஆறா?” என்று கேட்டார்.

“ஆமாங்கம்மா. ஆறு.”

கையெழுத்துப் போட்டார்.